ஆட்டுக்கொம்பு சைக்கிள்

சைக்கிளைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு ஜீவமணி இரண்டடி தள்ளி நின்று பார்த்தான். கப்பலிலிருந்து இறங்கும் மூட்டைகளை எண்ணி எழுதுகிற டேலி கிளார்க் அவன். சாக்குக் கிழிசல், தையல் விட்டது, நனைந்தது என்று குறை எழுதியே பழகிய கண். பெண் பார்க்க வந்தபோதுகூட மனசுக்குள் கட்டம் போட்டுத்தான் தன்னைப் பார்த்தான் என்று அவன் மனைவி கிளாடிஸ் இன்றைக்கும் சொல்லிக் காட்டுவாள். இப்போதும் கட்டம் நிரம்பிக்கொண்டே வந்தது. கேரியர் இல்லை. ஸ்டாண்டு இல்லை. மட்கார்டு இல்லை, மணி இல்லை. டயர் இரண்டும் பெருவிரல் கனம்தான். ஹேண்டில்பார் ஆட்டுக்கொம்பு மாதிரி கீழ்நோக்கிச் சுருண்டிருந்தது. அதைப் பிடித்தால் எவனாக இருந்தாலும் முதுகை வளைத்துத்தான் ஆக வேண்டும்.

திரேஸ்புரத்தில் சங்கு விற்கிற இனிகோவிடம் அது வந்து சேர்ந்தது ஒரு கப்பல்காரன் மூலமாக. ஒரு கூடை சங்குக்கும் இரண்டு பொட்டலம் கருவாட்டுக்கும் கைமாறியது என்று இனிகோவே மறைக்காமல் சொன்னான். ரேஸ் ஓட்டுகிற சைக்கிளாம். ஊரில் ஒருவரும் சீந்தாததால் புதுச் சைக்கிள் விலையில் கால்வாசிக்குத் தர அவன் தயார்.

"மூணு நாள் ஓட்டிப் பாருங்க அண்ணாச்சி. புடிக்கலன்னா கொண்டாந்து சாத்திட்டுப் போயிருங்க" என்றான்.

ஜீவமணிக்கு அந்த மூன்று நாள் சாதாரண மூன்று நாள் அல்ல. புது ஹார்பர் திறந்ததிலிருந்து வேலை ஆறு மைலுக்கு அப்பால் போய்விட்டது. காலை ஏழு மணிக்குச் சங்கு ஊதும், ஊதியதும் கேட்டைச் சாத்திவிடுவார்கள். தற்காலிக ஆட்கள் மூன்று தடவை பிந்தினால் பட்டியலிலிருந்து பெயர் போய்விடும். அவன் ஏற்கெனவே இரண்டு தடவை வெளியே நின்றிருக்கிறான். இரண்டுக்கும் காரணம் பஸ். அது நினைத்தால் வரும், நினைக்காவிட்டால் இல்லை. இன்னொரு தடவை பிந்தினால் சொந்த ஊரான நாசரேத்துக்கு மூட்டை கட்ட வேண்டியதுதான்.

கிளாடிஸ் வாசலுக்கு வந்து சைக்கிளை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள்.

"இதுல நான் எங்கன உக்கார?"

ஜீவமணி தயங்கித் தயங்கி முன்கம்பியைக் காட்டினான்.

"நல்லாத்தான் இருக்கும். ஞாயித்துக்கெழம கோயில்ல பாட்ட நிறுத்திட்டு நம்மளத்தான் பாப்பாவ" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். கோபம் ஒன்றுமில்லை. அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு போனது அவனுக்குத் தெரியும்.

சைக்கிள் கடை அற்புதமணி வேறு விதமாகத் தீர்ப்புச் சொன்னார். ஹேண்டில்பாரைத் தலைகீழாகத் திருப்பிவிடலாம், கேரியரும் மட்கார்டும் மாட்டலாம், அப்புறம் அது மனுஷன் ஓட்டுகிற வண்டியாகிவிடும். டியூபுக்கு மட்டும் தன்னிடம் வழி கிடையாது, அந்த அளவு வேண்டுமானால் கப்பலேறிப் போய்த்தான் வாங்க வேண்டும் என்றார். இருப்பதையெல்லாம் மாற்றிவிட்டால் எதற்காக இதை வாங்குவது என்று ஜீவமணிக்குப் பட்டது. காற்று மட்டும் அடித்துக்கொண்டு வந்தான்.

முதல் நாள் காலை மேல்காற்று முதுகில் கைவைத்துத் தள்ளியது. ஆறரைக்கே கேட்டில் நின்றான். கேட் காவல்காரர் செந்தூர்பாண்டி தன் கைக்கடிகாரத்தைக் காதில் வைத்துப் பார்த்தார். சாயங்காலம் திரும்பும்போது அதே காற்று எதிரே நின்றது. உப்பளப் பொடி கண்ணில் விழ, வேறு வழியில்லாமல் குனிந்து ஆட்டுக்கொம்பின் அடிப்பக்கத்தைப் பிடித்தான். சட்டென்று காதில் இரைச்சல் குறைந்தது. காற்று தலைக்கு மேலே போய்க்கொண்டிருந்தது. யாரோ ஒருவன் மூளையைக் கசக்கித்தான் இதை வளைத்திருக்கிறான் என்று நினைத்தபோது, முகம் தெரியாத அந்த ஆள்மேல் அவனுக்குப் பிரியமே வந்துவிட்டது.

மறுநாள் சோதனை முற்றியது. மிதிப்பதை நிறுத்திவிட்டு, எத்தனை தந்திக்கம்பம் தாண்டி வண்டி நிற்கிறது என்று எண்ணினான். ஏழு. முன்பு வாடகைக்கு எடுத்த சைக்கிள் நாலைத் தாண்டியதில்லை. குனிந்தே எண்ணிக்கொண்டு போனதில் எதிரே வந்த சூப்பர்வைசருக்கு வணக்கம் வைக்க விட்டுப்போயிற்று. அவர் மத்தியானம் வரை முகத்தைத் தூக்கி வைத்திருந்தார். இதையும் குறைப் பத்தியில்தான் சேர்க்க வேண்டும். பத்திக்குப் பத்தி பார்த்தால் குறையே கூடுதல். ஆனாலும் திருப்பிக் கொடுக்க மனசு வரவில்லை.

மூன்றாம் நாள் ஹார்பருக்கு ஒரு மைல் இருக்கும்போது அது நடந்தது. லாரிகள் கிழித்த பள்ளங்களில் யாரோ சிப்பி ஓடுகளைக் கொட்டி நிரப்பியிருந்தார்கள். ஜீவமணி விலகத்தான் பார்த்தான். பின்சக்கரம் விலகவில்லை. உஸ்ஸென்று ஒரு பெருமூச்சு, அவ்வளவுதான். மணி ஆறே முக்கால்.

தள்ளிக்கொண்டு ஓடினான். காற்றிறங்கிய டயர் பத்தடிக்குள் கழன்று சங்கிலியில் சிக்கி இழுத்தது. போட்டுவிட்டு ஓடலாமென்றால் இன்னும் அவன் பொருளில்லை, அடுத்தவன் உடைமை. வந்த ஆத்திரத்தில், சாலையோர உப்புப் பாத்திக்குள் எறியப்போகிறவனைப் போல அதை இரண்டு கையாலும் பிடித்துத் தூக்கினான்.

அது பேசாமல் தோளுக்கு வந்தது.

ஜீவமணி ஒரு கணம் அசந்து நின்றான். மூன்று நாளும் உருட்டிப் பார்த்திருக்கிறான், சாய்த்துப் பார்த்திருக்கிறான், ஒரு தடவையும் தூக்கிப் பார்க்கத் தோன்றவில்லை. டேலி கிளார்க் எதையும் தூக்குவதில்லை. தூக்குகிறவர்களைத் தள்ளி நின்று எண்ணுவதுதான் அவன் உத்தியோகம். வாடகைச் சைக்கிளை இப்படித் தோளில் போட்டால் நாலெட்டில் இடுப்பு ஒடிந்திருக்கும். இதற்கு ஒரு குறுணி அரிசிக் கனம்கூட இல்லை.

ஓட ஆரம்பித்தான். உப்பு வாரிக்கொண்டிருந்த இசக்கித்தாய் நிமிர்ந்து பார்த்தாள்.

"அது ஒங்கள ஏத்திட்டுப் போவும்னுல்லா நெனச்சேன் அண்ணாச்சி" என்றாள்.

அவனுக்குச் சிரிப்பு வந்தது, அந்த ஓட்டத்திலும்.

ஹார்பரில் வண்டிகளுக்கான பெரிய கேட்டை மட்டும் சங்குக்கு ஐந்து நிமிஷம் முன்னாலேயே சாத்திவிடுவார்கள்; அது சாத்தியாகிவிட்டது. பக்கத்துச் சின்ன வாசல் வழியாக மூட்டை தூக்குகிற ஆட்கள் ஒவ்வொருவராக நுழைந்துகொண்டிருந்தார்கள், தோளில் கயிறும் கொக்கியுமாக. ஜீவமணி அவர்களோடு வரிசையில் நின்றான். செந்தூர்பாண்டி குறுக்கே கை நீட்டினார்.

"சைக்கிளு பெரிய கேட்டுலதான் வரணும் தம்பி. அது சாத்தியாச்சு."

"இது சைக்கிள் இல்ல அண்ணாச்சி" என்றான் ஜீவமணி மூச்சிரைக்க. "சொம."

செந்தூர்பாண்டி அவன் முகத்தைப் பார்த்தார், தோளைப் பார்த்தார். சங்கு ஊத ஆரம்பித்தது. அவர் கை மெதுவாக இறங்கியது. சுமைகாரர்கள் திரும்புவதுபோல உடம்பை ஒருக்களித்து ஜீவமணி உள்ளே நுழைந்தான். முன்னால் போன ஆள் திரும்பிப் பார்த்து, கிளார்க் தினமும் மூட்டைக்குச் சொல்கிற அதே குரலில் "ஒண்ணு" என்றான். வரிசை முழுக்கச் சிரித்தது.

சங்கு ஓய்ந்த பிறகும் ஜீவமணி அதை இறக்கி வைக்கவில்லை. தோளுக்கு முன்னே நீட்டிக்கொண்டிருந்த சக்கரம் மேல்காற்றில் தானாகச் சுற்றிக்கொண்டிருந்தது.