கணவாயின் அந்தப் பக்கம்

நண்பகலுக்கு மேல் விமானத்தில் மலையைத் தாண்டுவதில்லை என்று வெர்னா வைத்திருந்த கட்டுப்பாடு முப்பது வருஷமாக ஒருநாளும் தவறியதில்லை. அந்த ஜூலை மாதம், இரண்டு மணி வெயிலில், தங்கைக்காக அதை மீறினாள்.

தங்கை நெல்டா கொலராடோ மலைத்தொடருக்கு மேற்கே ஆஸ்பத்திரியில் கிடந்தாள். ராத்திரி தாண்டாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவள் புருஷன் ஹோமர் மாற்றுத்துணி எடுக்க முந்தின நாள்தான் கிழக்கே வீட்டுக்கு வந்திருந்தான். வந்த பிறகு மலைப்பாதை மண் சரிந்து அடைத்துக்கொண்டது. சுற்றிக்கொண்டு காரில் போனால் ஏழு மணி நேரம். வெர்னாவின் சின்ன விமானத்தில் முக்கால் மணி.

நெல்டாவே போனில் பேசினாள், மூச்சுக்கு மூச்சு நிறுத்தி. "ஹோமர்கிட்ட எடை கேட்டா பொய் சொல்லுவான், வெர்னா. இருபது பவுண்டு சேர்த்துப் போட்டுக்கோ."

ஹோமர் நூற்றித் தொண்ணூறு என்றான். வெர்னா இருநூற்றிப் பத்து என்று எழுதிக்கொண்டாள். டாங்கில் பாதி எரிபொருள் போதும் என்றாள். அவன் சுமந்து வந்த பீச் பழப் பெட்டியையும் இறக்கச் சொன்னாள். நெல்டா ஆசைப்பட்டுக் கேட்டது என்றான் அவன். மேலே காற்று மெலிசு, வெயிலில் இன்னும் மெலிசு, ஒவ்வொரு பவுண்டும் கீழே இழுக்கும் என்று சொல்லி, அவளே வாங்கிக் விமானக் கொட்டகை ஓரம் வைத்தாள். ஒரே ஒரு பழத்தை அவன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டதைக் கண்டும் காணாதவள்போல் இருந்துவிட்டாள்.

கணவாயை அவள் நேராக நெருங்கவில்லை. சாய்வாகப் போனாள், வேண்டாமென்றால் சட்டென்று விலகிவிடலாம். கணவாய்க்கு அப்பால் ஓர் ஏரி உண்டு. கிட்டே போகப்போக அது பெரிதாகத் தெரிந்தால் மலைக்கு மேலே இருக்கிறோம் என்று அர்த்தம். மலைமுகடு ஏரியை மறைக்க ஆரம்பித்தால் தாழ்ந்துகொண்டிருக்கிறோம்.

"அதோ ஏரி," என்றான் ஹோமர். "ஆஸ்பத்திரி அதுக்குப் பக்கத்துலதான்."

அவன் சொல்லி வாய் மூடுவதற்குள் ஏரி பாதியாகிவிட்டது. இஞ்சின் முழு மூச்சில் இரைந்தது, மூக்கு மேலே பார்த்தது, உயரமானி முள் மட்டும் கீழே சுற்றியது. வெர்னா விமானத்தைத் திருப்பினாள்.

"என்ன பண்ற?"

"திரும்பிப் போறோம்."

"மலை இதோ இருக்கு. இன்னும் ரெண்டு நிமிஷம்."

"நாம ஏறல ஹோமர். மேல் காத்து முகட்டைத் தாண்டி இந்தப் பக்கம் அருவி மாதிரி விழுது. நம்மளை அமுக்குது."

"மூக்கைத் தூக்கேன்."

"தூக்கித்தான் இருக்கு."

"அவ உன் தங்கச்சி, வெர்னா."

வெர்னா பள்ளத்தாக்கிலேயே வட்டமடித்து, கிடைத்த உயரத்தோடு இன்னொரு முறை போய்ப் பார்த்தாள். இந்த முறை ஏரி முன்னைவிடச் சீக்கிரம் மறைந்தது. விமானத்தைக் கிளம்பின இடத்திலேயே கொண்டுவந்து இறக்கிவிட்டாள்.

சாயங்காலம் காற்று அடங்கினால் போகலாம் என்று கொட்டகை வாசலில் உட்கார்ந்தார்கள். கம்பத்தில் காற்றின் வேகம் காட்டும் காற்றுப்பை விறைத்து நின்றது. ஐந்து இருபதுக்கு போன் வந்தது. ஹோமர் கேட்டுவிட்டு அவளிடம் நீட்டினான். நர்ஸ் பேசினாள். நெல்டா கடைசிவரைக்கும் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாளாம்.

பிறகு ஹோமர் சொன்னான்: "ரெண்டு நிமிஷம்தான் வேண்டியிருந்தது."

அந்த இரண்டு நிமிஷத்தில் பாறைமேல் சிதறியிருப்போம் என்று வெர்னாவுக்குத் தெரியும். சொல்லவில்லை. சொன்னால் தன் உயிரை எண்ணிப் பார்த்தவள்போல் ஆகிவிடும்.

மறுநாள் காலை ஆறு மணிக்குக் கிளம்பினார்கள். காற்றுப்பை துவண்டு தொங்கியது. குளிர்ந்த காற்றுக்குக் கனம் உண்டு, பெட்டிக்கும் இடமிருந்தது. வெர்னாவே பீச் பெட்டியைத் தூக்கிப் பின்சீட்டில் வைத்துக் கட்டினாள். ஹோமர் பார்த்துக்கொண்டு நின்றான், யாருக்கு என்று கேட்கவில்லை.

கணவாய்க்கு ஆயிரத்தைந்நூறு அடி மேலே, ஒரு குலுக்கல்கூட இல்லாமல் விமானம் போனது. கீழே நேற்றைய பாறைகள் வெயில் படாமல் சாதுவாகக் கிடந்தன.

"இவ்வளவுதானா?" என்றான் ஹோமர்.

"காலையில இவ்வளவுதான்."

ஏரி விரிந்துகொண்டே வந்தது. வெர்னா அதைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. எடுத்தால் அவன் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கும்.