இடது கோடி விளக்கு

இருட்டறைக்குள்ளிருந்து டக் டக் டக்கென்று பொத்தான் சத்தம் விடாமல் வந்துகொண்டிருந்தபோதே எனக்கு எரிச்சல் தலைக்கேறிவிட்டது. இந்தச் சோதனையில் ஒரு வித்தையும் இல்லை. கிண்ணம் மாதிரியான கருவிக்குள் முகத்தை வைத்து நடுவே பார்க்க வேண்டும். எங்காவது ஒளிப்புள்ளி தெரிந்தால் பொத்தானை அமுக்க வேண்டும், தெரியாவிட்டால் சும்மா இருக்க வேண்டும். அந்தச் சும்மா இருப்பதுதான் எங்கள் கொரியாக்காரர்களுக்கு வராது. பால்குடி மறந்ததிலிருந்து பரீட்சை எழுதியே வளர்ந்தவர்கள். விடை தெரியாத கேள்வியைக் காலியாக விடக் கூடாது என்பது ரத்தத்தில் ஊறிப்போயிருக்கிறது. கண் டாக்டரிடம் வருவதற்குக்கூடத் தயார் செய்துகொண்டு வருவார்கள்.

சோதனை எடுக்கும் மிரான் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாள். மூணாவது தடவையும் அப்படியேதான், புரொபசர், விளக்கே போடாதபோதும் அமுக்குகிறார், பொத்தான் நசுங்கிவிடும்போல இருக்கிறது என்றாள். அவரை என்னிடம் அனுப்பச் சொன்னேன்.

என் வாழ்க்கையில் பாதியை ஒரு மாத்திரைக்குத் தாரை வார்த்திருக்கிறேன். காசநோய்க்குக் கொடுக்கும் மாத்திரைகளில் ஒன்று சிலருக்குக் கண்ணின் பின்நரம்பைச் சத்தமில்லாமல் கெடுத்துவிடும். சீக்கிரம் கண்டுபிடித்து நிறுத்தினால் பார்வை மெல்லத் திரும்பலாம். தாமதமானால் திரும்பாது, அவ்வளவுதான். என்னோடு படித்தவர்கள் சியோலில் லேசர் வைத்து ஊராரின் மூக்குக்கண்ணாடிகளையெல்லாம் கழற்றிவிட்டு வசதியாகிவிட்டார்கள். நான் தேகு நகரத்தில் பல்கலைக்கழக ஆஸ்பத்திரியில் பேராசிரியை. நரம்புக்கு லேசரும் கிடையாது, கத்தியும் கிடையாது. ஆரம்பத்தில் ஸ்கேன்கூட எல்லாம் சரியாக இருப்பதாகவே காட்டும். நோயாளி வாயால் சொல்ல வேண்டும். அவரோ பொய் சொல்லுவார். இதற்குள் துறைத்தலைவர் வேறு, உங்கள் அறை வாசலில் மட்டும் ஏன் கூட்டம் நகரவில்லை என்று கேட்பார்.

இருட்டறையிலிருந்து போக் தால்சு வந்து உட்கார்ந்தார். அறுபதைத் தாண்டியவர், சொந்த டாக்சி ஓட்டுகிறவர். அந்த மாத்திரை சாப்பிடுகிறவர் என்று நெஞ்சு நோய்ப் பிரிவிலிருந்து அனுப்பியிருந்தார்கள். கையில் கார் சாவி. முகத்தில் பரீட்சை நன்றாக எழுதிய களிப்பு.

"ஐயா, போடாத விளக்குக்கும் பொத்தான் அமுக்கியிருக்கீங்களே. அது எப்படித் தெரிஞ்சுது?"

கொஞ்சம் நெளிந்துவிட்டுச் சொல்லிவிட்டார். டிரைவர்கள் சாப்பிடுகிற கடையில் யோசனை சொல்லிக் கொடுத்தார்களாம். ஒவ்வொரு விளக்குக்கும் முன்னால் கருவி லேசாக முனகும், அதைக் கேட்டு அமுக்கினால் போதும், சந்தேகம் வந்தாலும் அமுக்கிவிடு என்று. பார்வை சோதிக்கும் எண்பலகையையும் போன தடவையே நெட்டுருப் போட்டுவிட்டாராம். தலையில் அடித்துக்கொள்ளாத குறை எனக்கு.

"ரோட்டுல சிவப்பு விளக்கு தெரியுதா?"

"அது தெரியாம வண்டி ஓட்ட முடியுமா டாக்டரம்மா? இடது கோடி எரிஞ்சா சிவப்பு. நிக்கணும்." எங்கள் ஊர்ச் சிக்னலில் விளக்குகள் படுக்கை வரிசையில் இருக்கும், சிவப்பு இடது ஓரத்தில்.

"நான் எந்தக் கோடின்னு கேக்கல. என்ன நிறமாத் தெரியுது?"

அவர் சாவியைக் கைக்குள் இறுக்கிக்கொண்டார். பிறகு, எல்லாமே பல தடவை துவைத்த துணி மாதிரி இருக்கிறது என்றார். அறுவடைப் பண்டிகைக்கு முன்பிருந்தே.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அத்தனை நாளும் அந்த மாத்திரையை விழுங்கிக்கொண்டு, ஊர் ஜனங்களைப் பின்சீட்டில் ஏற்றிக்கொண்டு, இங்கே வந்து பாஸ் மார்க் வாங்கப் பார்த்திருக்கிறார் மனிதர். நெஞ்சு நோய்ப் பிரிவிலிருக்கும் என் சீனியருக்கு அப்போதே போன் போட்டேன். சிகிச்சை முடியப்போகிற நேரத்தில் ஏன் மாற்றணும் என்று இழுத்தார். உங்களுக்கு நுரையீரல் போதும், அவருக்குக் கண்ணும் வேணும் என்றேன். முனகிக்கொண்டே மாத்திரையை நிறுத்த ஒத்துக்கொண்டார்.

"இன்னையிலேருந்து அந்த மாத்திரை கிடையாது. வண்டியும் கிடையாது. சாவியை இங்க வெச்சிட்டு பஸ்ல போங்க."

"பார்வை திரும்பிடுமில்ல?"

"திரும்பலாம். பல மாசம் ஆகும். திரும்பாமலும் போகலாம். பொய் சொல்லி உங்களுக்கு நம்பிக்கை குடுக்க மாட்டேன்."

"வண்டி போயிட்டா வீட்டுல நான் யாரு டாக்டரம்மா?"

இந்தச் சோதனையில் பாஸும் ஃபெயிலும் கிடையாது, நீங்கள் ஏமாற்றினால் நஷ்டம் எனக்கில்லை என்று இரைந்தேன். வெளியே வரிசை சலசலத்தது. அவர் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார், சாவியை மட்டும் வைக்கவில்லை.

அந்த நேரம் பார்த்து அவர் மனைவி போனில் கூப்பிட்டாள். ஸ்பீக்கரில் போட்டுக்கொண்டு, குரல் நடுங்காமல் சொன்னார்.

"பாஸாயிட்டேன். வேணும்னா டாக்டரம்மாவையே கேளு."

போனை என் பக்கம் நீட்டினார். நான் வாங்கிவிட்டேன், ஏன் வாங்கினேனோ. அந்தப் பக்கம் ஏதோ எண்ணெயில் பொரியும் சத்தம். சந்தோஷத்தில் அந்த அம்மாளுக்கு மூச்சு வாங்கியது. ராத்திரியெல்லாம் தூங்கவேயில்லை என்றாள். பிறகு கேட்டாள்:

"அப்போ சாயங்காலம் ஊர்லேருந்து வர்ற என்னையும் பேரனையும் ஸ்டேஷன்லேருந்து வண்டியில கூட்டிட்டு வரச் சொல்லலாமில்ல?"

நான் எதிரே பார்த்தேன். நடுப்பார்வை போனவர்கள் ஒரு முகத்தைப் பார்க்க வேண்டுமென்றால் அதற்குப் பக்கத்தில்தான் பார்ப்பார்கள். போக் தால்சு என்னிடம் கெஞ்சிக்கொண்டு, என் காதுக்கு அப்பால் இருந்த வெற்றுச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"லைன்ல இருக்கீங்களா டாக்டரம்மா?" என்றது போன்.