மேலத்தெரு நூறு சதவீதம்

பள்ளிக்கூடத்தில் இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளின் விரலில் குத்தி, ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். சந்தியாவின் மகன் இளமாறனுக்குப் பரிசோதனைப் பட்டையில் இரண்டு கோடு விழுந்தது. யானைக்கால் நோயின் கிருமி உடம்பில் இருக்கிறது என்று அர்த்தம்.

மாமியார் லட்சுமியம்மாள் நம்பவே இல்லை. "அது காலனிப் பக்கம் வர்ற சீக்கு. நம்ம வூட்டுக்கு எப்படி வரும்?" என்று வந்தவர் போனவரையெல்லாம் கேட்டாள். கொசு தெருப் பெயரை விசாரித்துவிட்டுக் கடிக்காது என்று அந்த அம்மாளுக்கு யாரும் இதுவரை சொல்லவில்லை போலும்.

மறுவாரம் கள்ளக்குறிச்சியிலிருந்து செழியன் வந்தான். நோய்த் தடுப்புத் திட்டத்தின் கணக்குகளைச் சரிபார்க்கிறவன்; கிருமி இருந்த பிள்ளைகளின் வீடுகளை ஒவ்வொன்றாக விசாரிக்க வந்திருந்தான். கையில் போன், முகத்தில் குழப்பம். கூடவே நிர்மலா. வருஷா வருஷம் ஊர் முழுக்க யானைக்கால் தடுப்பு மாத்திரை கொடுக்கிறவள், காலனிக்காரி. செழியன் உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்தான். நிர்மலா கேட்டுக்கு வெளியிலேயே நின்றாள். நில் என்று யாரும் சொல்லவில்லை. உள்ளே வா என்றும் சொல்லவில்லை.

"ஒண்ணும் புரியலைங்க," என்றான் செழியன். "மலைமேல கரியாலூர்ப் பக்கம் நடந்தே போய்க் குடுத்தோம். அங்க கூட நாலு பேரு முழுங்க மாட்டேன்னாங்க. உங்க மேலத்தெருவுல மட்டும் நூறு சதவீதம் முழுங்கிட்டதா பதிவாயிருக்கு. ஆனா கிருமி இருக்கிற பசங்க எல்லாம் இந்தத் தெருதான். காலனியில ஒருத்தருக்குக் கூட இல்ல. ஒண்ணு, மருந்து வேலை செய்யல. இல்ல, பதிவு பொய். பொய்யின்னா நிர்மலாவ நிறுத்த வேண்டியதுதான்."

சந்தியாவின் கணவன் அன்புச்செல்வன் முந்திக்கொண்டான். "அது வரும், மாத்திரைய வீசிட்டுப் போய்க்கினே இருக்கும். நாங்க இன்னா பண்றது?"

சந்தியா கதவோரம் நின்றிருந்தாள். நடந்தது என்ன என்று அவளுக்குத் தெரியும். கண்ணெதிரே விழுங்க வைத்து, விழுங்கியவரின் விரலில் மை வைக்க வேண்டும் என்பது ஏற்பாடு. நிர்மலாவும் தண்ணீர் பாட்டிலோடுதான் வந்து நிற்பாள். "மதில் மேல வச்சிட்டுப் போ, நாங்க போட்டுக்கறோம்," என்பாள் லட்சுமியம்மாள். மை வைக்கக் கையைத் தொட வேண்டுமே? அதற்கும் வழி வைத்திருந்தார்கள். மைப் பேனாவையும் மதில் மேல் வைக்கச் சொல்லி, தங்கள் விரலில் தாங்களே வைத்துக்கொண்டார்கள். மாத்திரை கொல்லைப்புறச் சாக்கடைக்குப் போனது.

போன வருஷம் இளமாறன் ஓடிப்போய் நிர்மலாவிடம் விரலை நீட்டினான். அவன் கையைப் பிடித்து வெடுக்கென்று இழுத்தது மாமியார் இல்லை, சந்தியா. கல்லூரி விடுதியில் எல்லாரோடும் ஒரே மேசையில் சாப்பிட்டு வளர்ந்தவள் அவள். இந்த வீட்டுக்கு வந்தபின் வாயைத் திறக்காமல் இருப்பதே நல்ல மருமகளுக்கு லட்சணம் என்று தன்னைத்தானே ஏய்த்துக்கொண்டிருந்தாள். இப்போது நினைத்தாலும் அவளுக்கு அவமானமாக இருந்தது.

"முழுங்கினத நீங்க பாத்தீங்களா, நிர்மலா?" என்று செழியன் கேட்டான்.

"பாக்கலைங்க சார். போன்ல பாத்தேன்னு போடலைன்னா அது அடுத்த வூட்டுப் பதிவுக்குப் போக வுடாது. மேல சொன்னா, உனக்குப் பேசி முழுங்க வைக்கத் தெரியலன்னு என்னைத்தான் திட்டறாங்க."

"அப்ப பொய்ப் பதிவுதானே?"



சந்தியா வெளியே வந்துவிட்டாள். "நாங்கதான் முழுங்கல சார். அவங்க மேல தப்பில்ல."

அன்புச்செல்வன் முறைத்தான். செழியனுக்கோ போன உயிர் திரும்பி வந்தது. "அப்ப மருந்து நல்ல மருந்துதான். ஏன் முழுங்கலன்னு மட்டும் சொல்லுங்க. காரணம் தெரிஞ்சாதான் வர்ற வருஷம் சரி பண்ண முடியும்." போனில் இருந்த காரணப் பட்டியலை வாசித்தான். "பக்கவிளைவு பயம், வூட்டுல ஆள் இல்ல, மறதி, நோய் இல்லாததால தேவையில்ல..."

"பயம்," என்றாள் சந்தியா. கைக்கு எட்டியதை எடுத்துக்கொண்டாள். கணவன் முகம் தெளிந்தது.

"அவ்ளோதானே! பயம் போறதுக்குத் தெருவுல ஒரு நாடகம் போட்டுடலாம்," என்றான் செழியன்.

கேட்டுக்கு வெளியே நிர்மலா லேசாகச் சிரித்தாள். அந்தச் சிரிப்பு சந்தியாவைச் சுட்டது. பாதி உண்மையைச் சொல்லிவிட்டு நல்ல பெயர் வாங்கப் பார்த்தோமே என்று கூனிக் குறுகிப் போனாள்.

"பயமெல்லாம் இல்ல சார். இவங்க கையால வாங்கி முழுங்கக் கூடாதுன்னுதான் முழுங்கல."

செழியனின் கட்டைவிரல் போனில் மேலும் கீழும் போய் வந்தது. "இது லிஸ்ட்டுல இல்லைங்களே," என்றான். கொஞ்சம் யோசித்தான். யோசனை வந்ததும் முகம் மலர்ந்தது. "சரி, அதுக்கின்னா? உங்க தெருவுக்கு உங்க ஆளையே போட்டுடலாம். நீங்க படிச்சவங்க. நிர்மலாவுக்குப் பதிலா நீங்களே குடுங்களேன்?"

"அதான் சரி. எங்க மருமவளே குடுக்கட்டும்," என்றாள் லட்சுமியம்மாள். பேரனுக்கு வந்த நோய்கூட அந்த நேரத்தில் அவளுக்கு மறந்துபோயிற்று.

நிர்மலாவின் வேலையைக் காப்பாற்றத்தான் சந்தியா வாயைத் திறந்தாள். இப்போது அந்த வேலை அவள் மடியிலேயே வந்து விழுந்தது. "எனக்கு வேணாம் சார்," என்று அவசரமாகச் சொன்னாள். "நிர்மலாவே வரட்டும்."

நிர்மலா முதல் தடவையாக அவளை நேராகப் பார்த்தாள்.

"நான் வந்தா, என் எதிர்ல என் கையால வாங்கி முழுங்குவீங்களா?"

ஒரு வார்த்தை போதும். அது சந்தியாவின் நாக்கு நுனி வரைக்கும் வந்தும்விட்டது. ஆனால் அதைச் சொல்வதற்கு முன்னால், அவளை அறியாமலே, அவள் மாமியாரின் முகத்தைத் திரும்பிப் பார்த்தாள்.

பார்த்ததை நிர்மலா பார்த்துவிட்டாள். பதிலுக்குக் காத்திருக்காமல் அடுத்த வீட்டுக்கு நடந்தாள்.