ரெண்டு வேலை பார்த்த வண்டி

பல் டாக்டருக்கு ஊரில் நல்ல பெயர். ஞாயிற்றுக்கிழமை மட்டும் அந்தப் பெயருக்கு லீவு. அன்றைக்கு அவர் கிராமத்துப் பாதைகளில் அலைந்து, மாட்டுக் கொட்டகை, கோழிக் கொட்டகை, இடிந்த கிடங்கு என்று ஒன்று விடாமல் எட்டிப் பார்ப்பார். அவர் தேடுவது பழைய அமரர் ஊர்திகளையும் ஆம்புலன்ஸ்களையும். இதைப் பற்றி நாலு பேர் நாலு விதமாகப் பேசினார்கள். மனைவி மட்டும் எப்போதும் ஒரே விதமாகப் பேசினாள்.

“சாவு வண்டி பின்னால சுத்துற மனுஷனைக் கட்டிக்கிட்டேன்னு நான் யார்கிட்டப் போய்ச் சொல்லுவேன்?”

கோழி வளர்த்து முட்டை விற்கும் ஒரு வயதான அம்மாவின் கொட்டகையில் ஒரு ஞாயிறு அகப்பட்டது சாதாரண வண்டி இல்லை. கூரையில் சிவப்பு விளக்கைத் திருகினால் ஆம்புலன்ஸ். கழற்றிவிட்டுத் திரை போட்டால் அமரர் ஊர்தி. அந்தம்மாவும் புருஷனும் ஒரு காலத்தில் அதை வாடகைக்கு ஓட்டியவர்கள். ஒரே ஆளை ஒரே நாளில் ரெண்டு விதமாகவும் ஏற்றியது உண்டு என்றாள், முட்டையைத் துடைத்துக்கொண்டே. டாக்டர் வாயில் ஈ போவது தெரியாமல் வண்டியைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“விலைக்குத் தர்றதா இல்ல தம்பி. என் புருஷன் இதுலதான் போனார். நானும் இதுலதான் போவேன். நீயே ஓட்டு. என்னை இறக்கிட்டு, அப்படியே உன் வீட்டுக்கு எடுத்துட்டுப் போயிடு.”

டாக்டர் தலையை ஆட்டிவிட்டார். தான் இனிமேல் ஒரு பொம்பளை சாவதற்குக் காத்திருக்கும் ஆள் என்பது வீட்டுக்கு வரும் வழியில்தான் உறைத்தது.

அதன் பிறகு வாராவாரம் போனார். அந்தக் கடைசி நாளில் வண்டி காலை வாரிவிடக் கூடாதே என்று பேட்டரி மாற்றினார், டயர் மாற்றினார், உள்ளே குடியிருந்த கோழிகளைக் கெஞ்சி வெளியே அனுப்பினார். அந்தம்மா வாராவாரம் கல்லுக்குண்டு மாதிரி இருந்தாள். “நல்லா இருக்கீங்களாம்மா?” என்று கேட்கும்போது குரலில் எதுவும் தெரியாமலிருக்க அவர் பாடுபட்டார். போகப் போக அந்தக் கேள்வியை நிஜமாகவே கேட்க ஆரம்பித்தார். அது அவருக்கே பிடிக்கவில்லை.

ஒரு ஞாயிறு மனைவி கோபித்துக்கொண்டு காரோடு அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். டாக்டர் ஸ்கூட்டரில் போய்ச் சேர்ந்தார். முட்டைக்காரம்மா கொட்டகை வாசலில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முகமெல்லாம் வேர்வை. முட்டைக் கூடையை மட்டும் பத்திரமாக ஓரத்தில் வைத்திருந்தாள். ஆம்புலன்ஸுக்கு போன் போட்டார். வர ஒரு மணி நேரமாகும் என்றார்கள்.

“விடு தம்பி. பேசாம இருந்தா சாயந்திரமே வண்டி உனக்குத்தான்.”

“வாயை மூடுங்கம்மா!”

அதுவரை அந்தப் பல் டாக்டர் யாரிடமும் சொல்லியிராத வார்த்தை அது. அவளை அலாக்காகத் தூக்கி வண்டிக்குள் பின்பக்கம் படுக்க வைத்தார். சிவப்பு விளக்கைத் தேட நேரமில்லை. வண்டியை விரட்டினார்.

ஆஸ்பத்திரி வாசலில் காவலாளி வண்டியைப் பார்த்ததும் தொப்பியைக் கழற்றினார்.

“பின்பக்கம் போங்க சார். மார்ச்சுவரி அங்கதான்.”

“உயிரோட இருக்காங்கய்யா!”

“முதல்ல எல்லாரும் அப்படித்தான் சார் சொல்லுவாங்க.”

“கேட்டைத் திறடா!” என்று பின்னாலிருந்து ஒரு சத்தம் வந்தது. காவலாளி தொப்பியைப் போட்டுக்கொண்டு ஓடிப் போய்த் திறந்தார்.

நாலைந்து நாள் கழித்து டாக்டர் பார்க்கப் போனபோது அவள் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள்.

“பிழைச்சுட்டேனாம்” என்றாள் அலுப்போடு. “ஆனா வண்டி உனக்குக் கிடையாது தம்பி.”

“ஏம்மா?”

“மேடு பள்ளம் பார்க்காம அந்த ஓட்டு ஓட்டுறே. ஒவ்வொரு திருப்பத்துலயும் இந்தப் பக்கத்துல இருந்து அந்தப் பக்கம் உருண்டேன். கடைசியாப் போறப்போ மெதுவாப் போக வேண்டாமா? உன்னை நம்பி நான் எப்படிச் சாகறது?”

இத்தனை வருஷம் தேடிய வண்டி கை நழுவிப் போயிற்று. துக்கம் வரும் என்று டாக்டர் காத்திருந்தார். வந்தது சந்தோஷம். கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“மெதுவா ஓட்டக் கத்துக்கறேன்மா” என்றார். “ஆனா நான் கொஞ்சம் மந்தம். எப்படியும் பத்துப் பதினஞ்சு வருஷம் ஆகும்.”