கரண்டிவாயனுக்கு இரண்டாவது சாட்சி

எங்கள் பறவை பார்ப்போர் சங்கத்தில் ஒரு பறவையை இருவர் பார்த்தால்தான் கணக்கில் செல்லும். கடலோரச் சரணாலயத்துக்குக் கோடைப் பயணம் போனபோது, மறைவுக் குடிலில் எனக்குத் துணையாக வாய்த்தவர் சம்பந்தி. கல்யாணத்தில் என் தம்பியை முன்வரிசை நாற்காலியிலிருந்து எழுப்பியவர். அன்றிலிருந்து நான் அவரோடு பேசுவதில்லை.

நான் பல வருடமாகத் தேடிய கரண்டிவாயன் எதிரே சேற்றில் வந்து இறங்கியது. அவரைக் கூப்பிட நா எழவில்லை. பலமாகச் செருமினேன்.

“தொண்டை கட்டிக்கிச்சா சம்பந்தி? தண்ணி குடிங்க.”

தொலைநோக்கியால் சேற்றைச் சுட்டினேன்.

“கண்ணாடி அழுக்கா? குடுங்க, துடைச்சுத் தரேன்.”

அவர் துடைத்து முடிப்பதற்குள் பறவை பறந்துவிட்டது.

“ஏதாச்சும் பார்த்தீங்களா ஐயா?” என்று, குடிலுக்கு வந்த சங்கச் செயலாளர் என்னிடம் கேட்டார்.

“ஒரு காக்கா கூட இல்லீங்க,” என்று எனக்கும் சேர்த்துச் சொன்னார் சம்பந்தி.