முன்பற்களுக்கு நடுவே

“இல்ல மேடம், அந்த இடைவெளி இருந்துச்சு.”

“எங்க?”

“உங்க முன்பல் ரெண்டுக்கும் நடுவுல.”

“தம்பி, இது என் வாய். எனக்குத் தெரியாதா?”

“உங்களுக்கு மறந்திருக்கும்” என்றார் பல் செய்பவர், மிகுந்த மரியாதையோடு.

சாய்வு நாற்காலியில் கழுத்தில் காகிதத் துண்டோடு உட்கார்ந்திருந்தவர் அவருடைய அபிமான நடிகை. வயது எழுபதை எட்டிப் பிடிக்கப் போகிறது. வாயில் இருந்தது பல் செய்பவர் பதினோரு நாள் இழைத்து இழைத்துச் செய்த பல் செட். பற்கள் இன்னும் மெழுகில்தான் நின்றன. இன்றைக்கு வாயில் வைத்துப் பார்த்துச் சரியென்றால் நாளைக்குக் கெட்டியாக வார்த்துவிடலாம். சரியென்று சொல்லத்தான் நடிகைக்கு மனமில்லை. இடைவெளி வழியே காற்று பிய்த்துக்கொண்டு போனது. ‘சனிக்கிழமை’ என்ற சொல் பஞ்சரான டயர் மாதிரி வந்தது. அவருக்கு அந்த வாரம் முழுக்கச் சொல்ல வேண்டியிருந்த சொல்லே அதுதான். சனிக்கிழமை காலை அவர் தன் பழைய பட இயக்குநரைப் பார்க்கப் போகிறார். முப்பத்தைந்து வருடம் கழித்து ஒரு வேடம் இருக்கிறது, வந்து நடித்துக் காட்டுங்கள் என்று கூப்பிட்டிருந்தார்கள்.

பல் டாக்டர் சின்ன வயதுக்காரி. கையில் பிடித்திருந்த சீட்டைத் தானே ஒருமுறை படித்துப் பார்த்தாள். ‘முன்பற்கள் நெருக்கமாக’ என்று எழுதி அடியில் இரண்டு கோடும் போட்டிருந்தாள்.

“அண்ணா, நான் இடைவெளி கேக்கவே இல்லையே” என்றாள்.

சீட்டை மீறிப் பழக்கமில்லாத மனிதர் அவர். இருபத்திரண்டு வருடமாக அந்த மருத்துவமனையின் பின்னறையில் கேட்டதைச் செய்து கொடுத்து, யார் வாயில் போகிறதென்று எட்டிக்கூடப் பார்க்காதவர். ஆனால் இது சாதாரண வாயில்லை. தனக்குப் பிடித்த நடிகை, பிடித்த இயக்குநர், பிடித்த படம் மூன்றையும் யாரும் கேட்காமலே ஒரே மூச்சில் சொல்லிவிடுவார். வேலைக்குச் சேர வந்த அன்று முன் அனுபவம் என்ன என்று கேட்டதற்கும் அதைத்தான் முதலில் சொன்னார் என்று ஒரு பேச்சுண்டு. அவர் வீட்டில் ‘படம்’ என்றால் அந்த ஒரு படம்தான், மற்றவையெல்லாம் ‘மத்தது’. ‘அவங்க’ என்றால் நடிகை. ‘அவர்’ என்றால் இயக்குநர். அந்தச் சொல் ஏற்கெனவே போய்விட்டதால் அவர் மனைவி கட்டின புருஷனை ‘இது’ என்று சொல்ல வேண்டியதாயிற்று. இது வந்துடுச்சா, இது சாப்பிட்டுச்சா என்று.

படத்தை நாற்பத்தொரு முறை பார்த்திருந்தார். கடைசிக் காட்சியில் ரயில் நிலையத்துப் பெஞ்சில் உட்கார்ந்து நடிகை சிரிப்பார். முன்பற்களுக்கு நடுவே நெல் நுழையும் அளவுக்கு ஓர் இருட்டு தெரியும். அந்த இருட்டில்தான் ஒரு தலைமுறையின் மௌனம் குடியிருக்கிறது என்று சினிமாப் பத்திரிகை ஒன்றுக்கு ஆறு பக்கம் எழுதிப் போட்டார். அவர்கள் வாசகர் கடிதத்தில் இரண்டு வரி போட்டார்கள். அந்த இரண்டு வரிக்குக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருந்தார். இன்னொரு கண்டுபிடிப்பும் உண்டு. முதல் பாதியில் நூல் அளவாக இருக்கும் இடைவெளி இரண்டாம் பாதியில் அகலமாகிவிடும். ஓரிடத்தில் கொஞ்சம் இடப்பக்கம் நகர்ந்தும் இருக்கும். நாயகியின் துயரம் வளர வளர இடைவெளியும் வளர்கிறது, இதை உலகத்தில் வேறு எந்த இயக்குநர் யோசிப்பான் என்று கேட்பார். கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் சாம்பாருக்குக் காத்திருக்கும் நேரத்தில்கூடக் கேட்டிருக்கிறார்.

ஆகவே பதினோரு நாளுக்கு முன் சீட்டில் அந்தப் பெயரையும் தட்டில் அந்த ஈறுகளின் அச்சையும் பார்த்தபோது அவருக்குக் கால் தரையில் நிற்கவில்லை. மற்ற அச்சுகளெல்லாம் அலமாரியில் முண்டியடித்துக் கிடக்க, இது மட்டும் வெல்வெட் துணியில் தனியாக வீற்றிருந்தது. ஒரு நாள் வீட்டுக்கே கொண்டுபோய் மனைவிக்குக் காட்டினார். அவள் வெள்ளைச் சுண்ணத்தில் பொக்கையாகச் சிரித்த அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “ஊர்ல உள்ளவங்க நடிகைகிட்ட கையெழுத்து வாங்குவாங்க. இது ஈறு வாங்கிட்டு வந்திருக்கு” என்றாள்.

இவ்வளவையும் சொல்ல முடியாது என்பதால் பல் செய்பவர் பையிலிருந்து படத்தின் பழைய புகைப்படத்தை எடுத்து நடிகையிடம் நீட்டினார். பெஞ்ச், சிரிப்பு, இருட்டு, எல்லாம் இருந்தது. வழக்கு முடிந்தது என்கிற மாதிரி டாக்டரைப் பார்த்தார்.

நடிகை மெழுகுப் பல் செட்டைக் கழற்றித் தட்டில் வைத்தார். கன்னம் உள்ளே போயிற்று, பழகிப்போன பொக்கை வாயில் பேச்சு தெளிவாயிற்று.

“இதுவா? இது கறுப்பு மெழுகு தம்பி. ஒப்பனைக்காரர் தினம் காலைல பல்லு நடுவுல ஒட்டுவாரு. ஒருநாள் சின்னதா, ஒருநாள் பெருசா, அவர் தூங்கி எழுந்த லட்சணத்தைப் பொறுத்து.”

பல் செய்பவர் புகைப்படத்தைத் திரும்ப வாங்கிக் கண்ணருகே வைத்துப் பார்த்தார். இடப்பக்கம் நகர்ந்த அந்த ஒரு காட்சி மட்டும் மனசுக்குள் ஓடி நின்றது.

நடிகை கதை சொல்லும் குஷியில் இருந்தார். இயக்குநர் முதலில் பேசி வைத்திருந்தது வேறு ஒரு பெண்ணையாம். அந்த இடைவெளி அவளுடையது. இயக்குநருக்கு அவள் மேல் ஒரு கண். அவள் பெரிய கம்பெனிப் படம் கிடைத்ததும் சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டாள். மனுஷருக்கு ஆற்றாமை தாங்கவில்லை, ஆளைக் கொண்டுவர முடியாமல் அவள் பல்லை மட்டும் கொண்டுவந்து இவர் வாயில் வைத்துவிட்டார். மென்றால் மெழுகு விழுந்துவிடும் என்று படப்பிடிப்பு முடியும்வரை பகலில் சாப்பாடு கிடையாது.

“அப்ப அந்தக் கடைசிச் சிரிப்பு?” குரல் பல் செய்பவருடையதுதான், அவருக்கே அடையாளம் தெரியவில்லை.

“அதான் கடைசி ஷாட். முடிஞ்சதும் சாப்பிடலாம்னு சொல்லிட்டாங்க. சிரிப்பு வராம என்ன பண்ணும்?”

டாக்டர் முகக்கவசத்தை மேலே இழுத்துவிட்டுக்கொண்டாள். தோள் மட்டும் குலுங்கிற்று.

பிறகு நடிகை குரலைத் தாழ்த்திச் சொன்னார். போன வாரம் போனில் பேசியபோதும் இயக்குநர் அதையேதான் கேட்டாராம். அதே சிரிப்பு வேண்டும், அதே இடைவெளி வேண்டும். ஆனால் தான் மறுபடியும் அவளை மாதிரிப் போய் நிற்பதாக இல்லையாம். சொந்த முகத்தோடு போவது, பிடித்தால் வேடம், பிடிக்காவிட்டால் வீடு. “நெருக்கமாவே வச்சுக் குடுங்க தம்பி. பல்லு பொய்ப் பல்லா இருந்தாலும் வாயாவது என்னோடதா இருக்கட்டும்.”

அது ஒரு நிமிட வேலைதான். பல் செய்பவர் சின்னக் கத்தியைச் சுடரில் காட்டினார், மெழுகை இளக்கினார், இரண்டு பற்களையும் கட்டைவிரலால் மெல்ல ஒன்றோடொன்று சேர்த்தார். ஒரு தலைமுறையின் மௌனம் சத்தமே இல்லாமல் மூடிக்கொண்டது. வைத்துப் பார்த்து நடிகை ‘சனிக்கிழமை’ என்றார். ஒரு பிசிறு இல்லை. கைக்கண்ணாடியில் இப்படியும் அப்படியும் பார்த்துச் சிரித்தார். நல்ல, ஒழுங்கான சிரிப்பு. தெருவில் எதிரே வந்திருந்தால் பல் செய்பவர் வழிவிட்டு ஒதுங்கிப் போயிருப்பார், அவ்வளவுதான்.

நடிகை கண்ணாடியை மடியில் வைத்தார்.

“ஒரு உதவி பண்ணுங்க தம்பி. படத்துலேர்ந்து எந்த இடத்தையாவது நடிச்சுக் காட்டுங்கன்னு சொல்லியிருக்காங்க. நான் அந்தப் படத்தை ஒரு தடவைகூட முழுசாப் பாத்ததில்ல. பாத்தாலே பசிக்கும். நீங்க நாப்பத்தொரு தடவை பாத்திருக்கீங்களாம், டாக்டர் சொன்னாங்க.”

பல் செய்பவர் தலையாட்டினார்.

“பல்லு தெரியாத இடமா, நான் வாயை மூடிக்கிட்டு நல்லா நடிச்ச ஒரே ஒரு இடம் சொல்லுங்க. சனிக்கிழமை அதைப் பண்ணிக் காட்டுறேன்.”

பல் செய்பவர் நாற்பத்தொரு முறையையும் மனசுக்குள் ஓட்டிப் பார்த்தார்; எல்லாவற்றிலும் பல்தான் தெரிந்தது.