நாற்பது டோக்கன்

அன்று காம்பவுண்டுக்குள் இருந்தவர்கள் நான்கு பேர். தங்கவயல் சுரங்கத்தின் டோக்கன் ஆபீசில் இருபத்தாறு வருடம் வேலை பார்த்து, சுரங்கம் மூடியபின் ஹெப்பகோடிக்குக் குடிவந்த யேசுதாஸ். டிராக்டரில் தண்ணீர் டேங்கர் ஓட்டும் அவர் மகன் விஜய்குமார். விஜய்குமாரின் அக்கா கிரேஸ். விஜய்குமாரின் மனைவி ஆஞ்சலா. எதிர்வீட்டுக் கோவிந்தப்பா இரண்டு முறை வந்தார். முதல் முறை கேட்டோடு போய்விட்டார், இரண்டாம் முறை உள்ளே வந்தார். இவர்களைத் தவிர வேறு யாரும் அங்கே இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

கோவிந்தப்பாவின் மகள் பார்கவிக்கு ஞாயிற்றுக்கிழமை வீட்டிலேயே கல்யாணம். அவர் வீட்டு போர்வெல் மார்ச் மாதமே வற்றிவிட்டது. "ரெண்டு டேங்கர் தண்ணி, காலையில ஆறு மணிக்கு, என் பொறுப்பு" என்று யேசுதாஸ் தெருவே கேட்கச் சொல்லியிருந்தார். வெள்ளிக்கிழமை மாலை, நிறைந்த டேங்கரோடு மேட்டில் ஏறும்போது டிராக்டரின் மூன்றாம் கியர் தானாகக் கழன்று நியூட்ரலில் விழுந்தது. விஜய்குமார் பிரேக்கின் மேல் ஏறி நின்று வண்டியை நிறுத்தினான். பின்னால் ஒரு பள்ளி வேன் இருந்தது.

மெக்கானிக் பத்து நாள் ஆகும் என்றார். வேறு டேங்கருக்குச் சொல்லிவிடலாம் என்றான் விஜய்குமார். தாம் வாயால் சொன்ன தண்ணீர் வேறொருவன் வண்டியில் வந்து இறங்குவதை யேசுதாஸ் பார்த்துக்கொண்டு நிற்கக்கூடியவர் அல்ல.

"நான் பிரிச்சுப் பாக்கறேன் மாமா" என்றாள் ஆஞ்சலா.

பொம்மசந்திராவில் ஒரு ஃபேக்டரியில் எட்டு வருடம் கியர் பாக்ஸ் சேர்க்கும் வேலை பார்த்தவள் அவள். சம்பந்தம் பேசும்போதே அது யேசுதாசுக்குத் தெரியும். ஆனால் கேட்டவர்களிடமெல்லாம் மருமகள் ஆபீஸ் வேலையில் இருந்தவள் என்றுதான் சொல்லிவந்தார்.

"தெருவுல நாலு பேர் பாப்பாங்களேம்மா" என்றார்.

"பாத்தா என்ன மாமா? நீங்க எனக்கு டோக்கன் போடுங்க. அது போதும்."

அந்த ஒரு சொல்லில் அவர் அடங்கினார். சுரங்கத்தில் இறங்குகிறவன் தன் எண் போட்ட டோக்கனைப் பலகையின் ஆணியிலிருந்து எடுத்துப் போவான், ஏறி வந்ததும் திருப்பித் தருவான். ஓர் ஆணி காலியாக இருந்தால் ஓர் ஆள் இன்னும் கீழே இருக்கிறான் என்று அர்த்தம். டோக்கன் இல்லாமல் ஒருவன் இறங்கிவிட்டால் பலகை பொய் சொல்லும். மேலே எல்லா ஆணியும் நிறைந்திருக்கும், கீழே அவனைத் தேட ஒருவரும் போகமாட்டார்கள். இருபத்தாறு வருடத்தில் அப்படி ஒருவனையும் அவர் இறங்க விட்டதில்லை.

பழைய அலுமினியத் தட்டு ஒன்றை வெட்டி நாற்பது வில்லை செய்தார். ஒவ்வொன்றிலும் ஆணியால் எண் குத்தினார். சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு நாற்பது ஆணி அடித்த பலகை ஒன்று அந்த வில்லைகளோடு சுவரில் தொங்கியது, அவர் அதன் கீழே நாற்காலி போட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். சட்டைக் காலர் பொத்தான் வரை போட்டிருந்தார்.

கணவனின் பழைய காக்கிச் சட்டையை மாட்டிக்கொண்டு ஆஞ்சலா வேலையைத் தொடங்கினாள். ஆயிலை வடித்தாள். கியர் பாக்ஸின் மேல்மூடியைக் கழற்றினாள். அது ஒரு ஆள் தூக்கும் கனம் இல்லை. அவளும் விஜய்குமாருமாகத் தூக்கி, மேஜை மேல் மல்லாத்தி வைத்தார்கள். கம்பிகளும், அவற்றில் கோத்த கவை போன்ற ஃபோர்க்குகளும் வெளியே தெரிந்தன. ஒரு ஃபோர்க்கின் நுனியை அவள் கட்டைவிரல் நகத்தால் ஒருமுறை வருடினாள்.

"இதாங்க. நுனி தேஞ்சிருக்கு. உள்ள ஸ்பிரிங்கும் ஒடைஞ்சிருக்கும். ஓசூர் போயி ரெண்டையும் வாங்கிட்டு வந்துடுங்க."

"பிரிக்காமயே எப்படிச் சொல்ற?" என்றான் விஜய்குமார்.

"நீ கெளம்புடா விஜி" என்றாள் கிரேஸ். "கல்யாணமாகி ஆறு வருஷம். நீ தேஞ்சிருக்கறதையே அவ தொட்டுப் பாக்காம சொல்லுவா."

அவன் பஸ் பிடிக்கப் போனான். ஆஞ்சலா ஒன்றைக் கழற்றிக் கொடுப்பாள், யேசுதாஸ் அதில் டோக்கன் கட்டுவார், கிரேஸ் டீசல் தட்டில் கழுவித் துணியில் வரிசையாக வைப்பாள். ஆஞ்சலாவின் கையில் அவசரம் இல்லை. இறுகிய போல்ட்டைக்கூட அவள் அடிக்கவில்லை. ஸ்பேனரைப் போட்டு, மூச்சை அடக்கி, ஒரே அழுத்து. அது பணிந்து வந்தது. தங்கவயலில் பேர் பெற்ற ஃபிட்டர்களை யேசுதாஸ் பார்த்திருக்கிறார். இவளோடு சேர்த்து நிறுத்த அவர்களில் இரண்டு பேர்தான் தேறுவார்கள் என்று அவருக்குத் தோன்றியது. அதை வாய்விட்டுச் சொல்லவில்லை.

பதினோரு மணி இருக்கும். கேட்டில் கோவிந்தப்பாவின் குரல் கேட்டது.

யேசுதாஸ் சட்டென்று எழுந்து போனார். பாதி திறந்திருந்த கேட்டைச் சாத்தி, அதற்கு வெளியே நின்றுகொண்டார்.

"ஏன் ஸ்வாமி, கேட்டை மூடறீங்க? நாளைக்கு நீர் பருத்தா? தண்ணி வருமா, வராதா? வீட்ல பெண்டாட்டி என் உயிரை எடுக்கறா."

"வரும். வண்டியில சின்ன வேலை."

"யார் பண்றது?"

"ஓசூர்ல இருந்து மெக்கானிக் வந்திருக்கார்" என்றார் யேசுதாஸ்.

அவர் ஆயுளில் சொன்ன பொய்கள் அதிகமில்லை. அதனால் இது தடையில்லாமல் வந்தது அவருக்கே ஆச்சரியமாக இருந்தது. மாப்பிள்ளை வீட்டார், சமையல்காரர், பந்தல் என்று பத்து நிமிடம் பேசி அவரை அனுப்பிவிட்டுத் திரும்பி வந்து உட்கார்ந்தார்.

மூன்று மணிக்கு விஜய்குமார் சாமான்களோடு வந்தான். புது ஃபோர்க், புது ஸ்பிரிங். கழற்றிய வரிசைக்கு நேர் எதிர் வரிசையில் ஒவ்வொன்றாக உள்ளே போயிற்று, ஒவ்வொரு டோக்கனும் ஆணிக்குத் திரும்பியது. நாலரை மணிக்கு நாற்பது ஆணியும் நிறைந்தன.

அந்த நேரம் பார்த்துக் கோவிந்தப்பா கேட்டைத் தள்ளிக்கொண்டு உள்ளேயே வந்துவிட்டார். முழங்கை வரை கிரீசோடு நின்ற ஆஞ்சலாவைப் பார்த்தார்.

"மெக்கானிக் எல்லி? எங்க அவரு?"

"கண்ணு முன்னால நிக்கறாளே" என்றாள் கிரேஸ்.

கோவிந்தப்பா யேசுதாசைப் பார்த்தார். யேசுதாஸ் பலகையைப் பார்த்தார்.

"மாமா, எல்லாம் வந்துடுச்சா? மூடியை ஏத்திடலாமா?" என்று கேட்டாள் ஆஞ்சலா.

நாற்பதும் இருந்தன. பலகை சரியென்றது. ஆனால் பதினோரு மணி வாக்கில் பத்து நிமிடம் பலகைக்குக் கீழே ஆள் இல்லை என்பது யேசுதாசுக்குத் தெரியும். அந்தப் பத்து நிமிடத்தில் என்ன கழன்றது, என்ன கழுவப்பட்டது, அவருக்குத் தெரியாது. ஒன்றுமே விடுபடாமலும் இருக்கலாம். வாயை மூடிக்கொண்டால் எதிர்வீட்டுக்காரர் முன்னால் மானம் மிஞ்சும். நாளைக் காலை மேட்டில் ஏறப்போவது அவர் மகன்.

அவர் எழுந்து நின்றார்.

"ஏத்தாதீங்க. நான் நடுவுல எழுந்து போயிட்டேன். பத்து நிமிஷம். அப்ப கழட்டினதுக்கு டோக்கன் போட ஆள் இல்ல."

"எங்கப்பா போனீங்க?" என்றான் விஜய்குமார்.

"கேட்டுக்கு. இவரு உள்ள வந்து ஆஞ்சலாவைப் பாத்துடக் கூடாதுன்னு. மெக்கானிக் வந்திருக்கான்னு பொய் சொல்லிட்டு நின்னேன்."

ஆஞ்சலா ஸ்பேனரைக் கீழே வைத்தாள்.

"அப்பதான் கம்பியை உருவினேன். அண்ணி, அந்த டீசல் தட்டைக் கொட்டிட்டீங்களா?"

"இல்லம்மா, அப்படியே இருக்கு." கிரேஸ் உள்ளே ஓடி டீ வடிகட்டியை எடுத்து வந்தாள். கறுத்த டீசல் கொஞ்சம் கொஞ்சமாக வடிகட்டி வழியாக வாளிக்குள் இறங்கியது. கடைசிக் கசடில் ஏதோ டிக்கென்று தட்டியது.

சுண்டுவிரல் நக நீளத்தில் ஒரு இரும்புப் பின்.

ஆஞ்சலா அதைத் துடைத்து வெளிச்சத்தில் பிடித்தாள். பிறகு மூடியில் இரண்டு கம்பிகளுக்கு நடுவே இருந்த சிறு துளையில் வைத்துப் பார்த்தாள். சரியாக உட்கார்ந்தது.

"எங்க ஃபேக்டரி பாக்ஸ்ல இதுக்குப் பதிலா ஒரு பிளேட் இருக்கும். அதான் எனக்குத் தெரியல. உருவும்போது விழுந்திருக்கு. ஒரு கியர் விழுந்திருக்கும்போது இன்னொண்ணு விழாம தடுக்கறது இதுதான் மாமா. இது இல்லாமயும் வண்டி ஓடும். ஒரு நாள் ரெண்டு கியரும் சேந்து பிடிக்கும். அப்புறம் பாக்ஸும் இருக்காது, ஓட்டறவரும்..."

கம்பிகளைத் திரும்ப உருவ ஆரம்பித்தாள். மாமனாரை ஒரு சொல் சொல்லவில்லை, முகத்தில் ஒரு சுளிப்பு இல்லை. ஒன்றரை மணி நேர வேலையை மறுபடி முதலிலிருந்து, முதல் முறை போலவே செய்தாள். அந்தப் பொறுமை எந்த வீட்டிலிருந்து வந்ததோ, அந்த வீட்டாரை யேசுதாஸ் மனதுக்குள் கும்பிட்டார். மூடிக்குள் போகும் முன் அந்தப் பின்னுக்கும் ஒரு டோக்கன் கட்டினார்.

"இனிமே இந்த வடிகட்டியில டீ குடிக்கறவங்க கை தூக்குங்க" என்றாள் கிரேஸ். முதலில் கை தூக்கியவர் கோவிந்தப்பா.

ஆறரை மணிக்கு விஜய்குமார் நிறைந்த டேங்கரை மேட்டில் ஏற்றினான். மூன்றாம் கியர் கடைசிவரை நின்றது. யேசுதாஸ் பின்னாலேயே நடந்து போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

மறுநாள் காலை ஆறு மணிக்கு முதல் டேங்கர் கல்யாண வீட்டில் நின்றது, ஏழு மணிக்கு இரண்டாவது. ஆனால் முந்தின நாள் மதியத்துக்குள்ளேயே ஓசூர் மெக்கானிக் வந்திருக்கிறார் என்ற பேச்சு கோவிந்தப்பாவின் மனைவி வழியாகப் பரவிவிட்டிருந்தது. பந்தியில் மாப்பிள்ளையின் சித்தப்பா ஸ்ரீஹர்ஷா, யேசுதாசைப் பார்த்துக் கேட்டார்:

"சார், ஒரே நாள்ல சரி பண்ணாராமே அந்த ஓசூர் மெக்கானிக்? நம்பர் கொடுங்க. எங்க ஆனேக்கல் தோட்டத்து வண்டியும் படுத்திருக்கு."

கோவிந்தப்பா பரிமாறிக்கொண்டிருந்த கரண்டியோடு அப்படியே நின்றார். யேசுதாஸ் சாப்பாட்டின் நடுவில் எழுந்தார்.

"ஓசூர்ல இருந்து எவனும் வரல. வந்தான்னு சொன்னது நான்தான், அது பொய். பிரிச்சது, சேத்தது, மறுபடி பிரிச்சது, மறுபடி சேத்தது எல்லாம் என் மருமக ஆஞ்சலா. பொம்மசந்திராவுல எட்டு வருஷம் கியர் பாக்ஸ் சேத்தவ. நம்பர் வேணும்னா அவளத்தான் கேக்கணும்."

உட்கார்ந்து மீதிச் சாப்பாட்டை முடித்தார்.

இன்னமும் ஆனேக்கல் பக்கம் சிலர் அந்த மெக்கானிக்கைப் பற்றிப் பேசுகிறார்கள். மாமனார் நாற்காலியில் உட்கார்ந்து சொல்லிக் கொடுக்க, மருமகள் செய்தாள் என்றும் ஒரு பேச்சு உண்டு. மெக்கானிக் யாரும் வரவில்லை. யேசுதாஸ் எதுவும் சொல்லிக் கொடுக்கவில்லை.